சேர் வில்லியம் ஒஸ்லரும் பால்ரிமோர் வைத்தியக் கல்லூரியும்

வைத்தியத் துறையிற் புகுந்த எமது பழைய மாணவர்கள் ஒஸ்லர் என்னும் பெயரைக் கேட்டவுடன் நோயாளியின் விரல் நுனியை நினைப்பார்கள். இருதயத்தின் உட்சவ்வைப் பற்றும் ஒருவகை நோயிலே விரல் நுனிகளில் நோவுடன் தோன்றும் சிறு கணுக்களுக்கு அவர் பெயர் இடப்பட்டிருத்தலே அதற்குக் காரணமாகும். ஒரு பெருமகனின் பெயர் ஒரு சிறு கணுவிலே எஞ்சி நிற்பது வைத்திய நூல்களில் வழக்கமான செய்தியே. ஆயின் அன்னாரின் பெரும்பணி வேறு. வைத்திய மாணவன் நூலை மூடிவைத்து வாட்டுக்குட் சென்று, தனக்கென ஒதுக்கப்பட்ட நோயாளியின் அருகே அமர்ந்து, அவர் நோயின் வரலாற்றைக் கேட்டெழுதி, நாடி பார்த்து, அவர் குணமடைந்து வீடு செல்லும்வரை அல்லது மறையும்வரை உடனிருந்து கற்கும் முறையை ஒரு சர்வகலாசாலையின் முறையான கல்வித் திட்டமாக ஆக்கி வைத்தவர் அவர். இம்முறை இலண்டனிலும் எடின்பரோவிலும் உள்ள வைத்தியசாலைகளில் முன்னரே வழக்கிலிருந்தது. அதனை அமெரிக்காவிற் கொண்டுபோய், சர்வகலாசாலையோடும் ஆராய்ச்சிக் கூடத்தோடும் பிணைத்து, ஒரு நாட்டின் வைத்தியக் கல்வி முழுவதையும் மாற்றிய வரலாற்றை எமது மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

வரலாறு ஒஸ்லரிடத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு வணிகரிடத்திலிருந்து தொடங்குகின்றது. மேரிலண்ட் மாநிலத்திலே புகையிலைத் தோட்டமொன்றிற் பிறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்பவர் பதினேழாம் வயதில் பால்ரிமோர் நகருக்கு வந்து, மொத்த வியாபாரத்தாலும் புகையிரதப் பங்குகளாலும் பெரும்பொருள் ஈட்டினார். அவர் மணம்புரியவில்லை. 1873ஆம் ஆண்டு இறுதியில் அவர் காலமானபோது ஏறத்தாழ எழுபது இலட்சம் டொலரைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சர்வகலாசாலைக்கும் மறுபாதியை வைத்தியசாலைக்கும் விட்டுச் சென்றார். அக்காலத்து அமெரிக்காவில் எவரும் அதுவரை கொடுத்தறியாத கொடை அது. பொருளினும் பெரியது, அவர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வைத்தியசாலைப் பரிபாலகர்க்கு எழுதிய கடிதமாகும். நகரத்து ஏழை நோயாளர் ஆண், பெண், முதியோர், இளையோர், வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற பேதமின்றிக் கட்டணமின்றி ஏற்கப்படல் வேண்டும் என்பது அதிற் கண்ட கட்டளைகளுள் ஒன்று. வைத்தியசாலையானது சர்வகலாசாலையில் அமையவிருக்கும் வைத்தியக் கல்லூரியின் ஓர் உறுப்பாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. மூலதனத்தைத் தொடாது அதன் வருமானத்தைக் கொண்டே கட்டடங்களை எழுப்ப வேண்டும் என்றும் அவர் விதித்தார்.

இக்கட்டளைகளின் அருமையை உணர அக்காலத்து அமெரிக்க வைத்தியக் கல்வியின் நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பெரும்பாலான வைத்தியக் கல்லூரிகள் சில வைத்தியர் கூடி இலாபத்தின் பொருட்டு நடத்திய கடைகளாயிருந்தன. ஆண்டுக்குச் சில மாதங்களாக இரண்டு ஆண்டுகள் விரிவுரை. இரண்டாம் ஆண்டில் முதலாண்டு விரிவுரையே மறுபடியும் ஓதப்படும். கட்டணம் செலுத்தியவனைத் தேர்விலே தவறவிடுதல் அபூர்வம். நோயாளி ஒருவரையும் தொட்டுப் பாராமலே பட்டம் பெற்று, மறுநாள் ஊரிலே வைத்தியம் தொடங்குதல் இயல்வதாயிருந்தது. அத்தகையவரிடம் அகப்பட்ட மக்களின் கதியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஹொப்கின்ஸின் பரிபாலகர்கள் அவசரப்படவில்லை. 1875ஆம் ஆண்டில் ஐந்து வைத்தியர்களிடம் வைத்தியசாலைத் திட்டம் கேட்டனர். அவற்றுள் இராணுவ வைத்தியரான ஜோன் ஷோ பில்லிங்ஸின் திட்டம் ஏற்கப்பட்டது. உள்நாட்டுப் போரிலே காயமுற்றோர்க்குச் சத்திரசிகிச்சை செய்து கைதேர்ந்தவர் அவர். பின்னர் வைத்திய நூல்களுக்கெல்லாம் பெரும் அட்டவணை வகுத்தவரும் அவரே. வைத்தியசாலை நோயாளரைக் குணப்படுத்துவதோடு நில்லாது, மாணவரையும் தாதியரையும் பயிற்றவும், ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் ஒழுங்காக எழுதி வைத்து அறிவைப் பெருக்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. காற்றின் மூலமே நோய் பரவுகின்றது என்று எண்ணிய காலமாதலால், ஒரு வாட்டின் காற்று மற்றொரு வாட்டினுட் புகாதபடி தனித்தனி மண்டபங்களாக அவர் வரைந்தார். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கிருமிகளைப் பற்றிய புதிய அறிவு ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து, அவர் கொண்ட காரணத்தைப் பழைமையாக்கிவிட்டது. எனினும் வெளிச்சமும் நல்ல காற்றும் நிறைந்த வாட்டினால் எந்த நோயாளியும் கெட்டதில்லை.

வருமானத்தைக் கொண்டு மாத்திரம் கட்டியமையாற் பதினேழு கட்டடங்களும் முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. சர்வகலாசாலை 1876ஆம் ஆண்டிலேயே கில்மன் என்பாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிவிட்டது. வைத்தியசாலை 1889ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி திறக்கப்பட்டது.

இனி ஒஸ்லரிடம் வருவோம். கனடாவின் ஒன்ராறியோப் பகுதியிலே பொண்ட் ஹெட் என்னும் காட்டூரில் 1849ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆந் திகதி, இங்கிலாந்திலிருந்து சென்ற அங்கிலிக்கன் பாதிரியார் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் எட்டாமவராகப் பிறந்தார். இளமையிற் குறும்பு மிக்கவர். அக்குணம் முதுமைவரையும் அவரை விட்டு நீங்கவில்லை. தந்தையைப் போலச் சமய ஊழியத்துக்கே செல்லும் எண்ணங்கொண்டு கல்லூரி புகுந்தவரை நுணுக்குக்காட்டி திசைமாற்றிற்று. பாடசாலைத் தலைவராயிருந்த ஜோன்சன் என்னும் பாதிரியார் குளத்து நீரையும் பாசியையும் நுணுக்குக்காட்டியிலே வைத்துக் காட்ட, சிறுவன் அதிலே மனம் பறிகொடுத்தான். பின்னர் ரொறன்ரோவில் பொவெல், மொன்றியலில் ஹவாட் என்னும் இரு வைத்திய ஆசிரியர் வாய்த்தனர். பிற்காலத்தில் தாம் எழுதிய பெருநூலை இம்மூன்று ஆசிரியர்க்குமே அவர் உரிமையாக்கினார். மாணாக்கர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

1872ஆம் ஆண்டில் மக்கில் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, இலண்டன், பேர்லின், வியன்னா ஆகிய நகரங்களில் இரண்டு ஆண்டு கற்று மீண்டு, இருபத்தைந்தாம் வயதிலே மக்கிலில் ஆசிரியரானார். மேடையேறி விரிவுரை செய்வதில் அவர் ஆரம்பத்தில் வல்லவரல்லர். பிரேத பரிசோதனை மண்டபத்திலேதான் அவர் உண்மையான ஆசிரியராயினார். உயிருடன் இருந்தபோது வைத்தியர் கூறிய நோயும், இறந்தபின் உடலைத் திறந்து கண்ட நோயும் ஒன்றா என்று பார்த்தல் அங்கே அவரது நாளாந்த வேலை. நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைத் தம் கையாற் செய்து குறித்து வைத்தார். வைசூரி வாட்டிலே கடமையேற்று, அதற்குக் கிடைத்த ஊதியத்தை மாணவரின் நுணுக்குக்காட்டிகளுக்குச் செலவிட்டார்.

1884ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது பிலடெல்பியாவிலிருந்து பேராசிரியர் பதவிக்கான அழைப்பு வந்தது. மொன்றியலை விட மனமின்றி, நாணயமொன்றைச் சுண்டி அது காட்டிய வழியே சென்றார் என்பர். இவ்வளவு கவனமுள்ள வைத்தியர் தம் வாழ்வின் போக்கை நாணயத்துக்கு விட்டமை எமக்குச் சிறிது புதுமையாகவே தோன்றுகின்றது. பிலடெல்பியாவில் ஐந்தாண்டு இருந்தார். அங்கேதான் பில்லிங்ஸ் ஒருநாள் அவர் அறைக்கு வந்து, பால்ரிமோர் வைத்தியசாலையின் தலைமை வைத்தியப் பொறுப்பை ஏற்பீரா என வினவினார். ஒஸ்லர் ஏற்பதாக உடனே கூறினார். சில நிமிடங்களிற் பேச்சு முடிந்தது. பில்லிங்ஸ் வேறு அலுவலிருக்கின்றதெனப் புறப்பட்டுவிட்டார்.

பால்ரிமோரில் அவருடன் கூடியோர் மூவர். உடற்கூற்று நோயியலிலே வெல்ச், சத்திரசிகிச்சையிலே ஹால்ஸ்ரெட், மகளிர் நோய்களிலே கெலி. நால்வரும் நாற்பது வயதுக்கு உட்பட்டோர். வைத்தியசாலையை நடத்தும் முறை எவருக்கும் தெளிவாகத் தெரியாமையால், கில்மன் ஒஸ்லரை அழைத்துக்கொண்டு நியூயோர்க்கிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சென்று, அங்கே ஒவ்வொரு பகுதியும் தனித்தலைவரின் கீழ் இயங்குமாற்றைக் கண்டு, அவ்வொழுங்கை வைத்தியசாலைக்கு வகுத்தார். வைத்தியசாலை நிருவாகம் ஹோட்டலிற் கற்றுக்கொள்ளப்பட்டது என்றாற் சிலர் நகைக்கலாம். விருந்தினரையும் நோயாளரையும் பட்டினி கிடவாமற் காப்பதில் வேறுபாடு அதிகமில்லை.

வைத்தியசாலை திறந்தாயிற்று, வைத்தியக் கல்லூரியோ திறக்கப்படவில்லை. காரணம் பணமின்மை. சர்வகலாசாலையின் பங்கு முழுவதும் ஒரே புகையிரதக் கம்பனியிற் போடப்பட்டிருந்தது. அக்கம்பனி இலாபப் பங்கு கொடுப்பதை நிறுத்தவே கல்லூரித் திட்டமும் நின்றது. இந்த இடைக்காலத்திலே ஒஸ்லர் தம் பெருநூலாகிய வைத்திய நெறிமுறை நூலை எழுதினார். அது 1892ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கிறேஸ் என்னும் அம்மையாரை மணந்தார்.

நின்றுபோன கல்லூரியை நடத்தி வைத்தோர் பெண்கள். பரிபாலகர்களின் புதல்வியர் நால்வர் 1890ஆம் ஆண்டில் ஒரு குழு அமைத்து, நாடெங்குமுள்ள பெண்களிடம் ஓரிலட்சம் டொலர் சேர்த்து, பெண்களையும் ஆண்களுக்குச் சமமான விதிகளிலே மாணாக்கராக ஏற்பதாயின் தருவோம் என்றனர். பரிபாலகர்கள் ஐந்து இலட்சம் வேண்டும் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தனர். அந்நால்வருள் ஒருவரான மேரி கரெற் அம்மையார் 1892ஆம் ஆண்டு இறுதியில் மூன்றிலட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் தாமே கொடுத்து ஐந்திலட்சத்தை நிரப்பினார். நிரப்பியதோடு நில்லாது வேறு நிபந்தனைகளையும் இட்டார். புகவிரும்புவோர் முதலிற் கலாசாலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். விஞ்ஞானம் பயின்றிருத்தல் வேண்டும். பிரெஞ்சும் ஜேர்மனும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனைய கல்லூரிகள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் எல்லாரையும் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. தாம் ஆசிரியராகப் புகுந்தது நன்றாயிற்று, மாணவராக விண்ணப்பித்திருந்தால் உட்புகுந்திருக்க முடியாது என்று ஒஸ்லர் வெல்ச்சிடம் வேடிக்கையாகக் கூறினாராம். 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பதினெட்டு மாணாக்கருடன் கல்லூரி திறக்கப்பட்டது. அவர்களுள் மூவர் பெண்கள்.

ஒஸ்லர் வகுத்த முறையை இங்கே சிறிது விரிவாகக் கூறுவோம். முதலிரண்டு ஆண்டுகளும் ஆராய்ச்சிக் கூடத்திலே கழியும். மூன்றாம் ஆண்டில் மாணாக்கர் வெளிநோயாளர் பகுதியில் அவருடன் இருப்பர். முன்பின் கண்டறியாத நோயாளி ஒருவர் வருவார். மாணவன் எழுந்து வினாவி, பார்த்து, தட்டி, கேட்டு, தன் கருத்தைக் கூற வேண்டும். நோயின் பெயர் எவரும் முன்கூட்டிச் சொல்லார். நான்காம் ஆண்டிலே மாணவன் வாட்டுக்குள் எழுதுநர் என்ற பதவியுடன் செல்வான். சில படுக்கைகள் அவனுடையவை. அந்நோயாளரின் வரலாற்றை எழுதுதல், இரத்தத்தையும் சிறுநீரையும் தானே சோதித்தல், நாளாந்த மாற்றத்தைக் குறித்தல் யாவும் அவன் கடமை. காலை ஒன்பது மணிக்கு ஒஸ்லர் வாட்டினுட் புகுவார். உதவி வைத்தியரும் தாதியரும் மாணாக்கரும் அவரைச் சூழ்ந்து செல்வர். படுக்கையருகே அவனே தன் நோயாளியைப் பற்றிக் கூறுவான். அவன் பிழைவிட்டால் ஒஸ்லர் மானபங்கம் செய்வதில்லை. கையைப் பிடித்து வீங்கிய ஈரலின் மேல் வைத்து விடுவார்.

வாட்டிலே மாணவரை அனுமதித்தல் நோயாளர்க்கு இடைஞ்சலாகும் என்று அக்காலத்தில் அஞ்சியோர் பலர். கட்டணமின்றிக் கிடக்கும் ஏழையின் உடல் கற்போரின் கருவியாகிவிடும் என்ற அச்சம் அது. அது அறவே பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஒஸ்லரின் விடை அவர் நடையிலேயே இருந்தது. நோயாளி கேட்கக்கூடாத செய்தியைப் படுக்கையருகே பேசமாட்டார். படுக்கையை விட்டு நீங்குமுன் ஒரு நல்ல வார்த்தை கூறிச் செல்வார். பல கண்கள் பார்க்கும் நோயாளியை எவரும் அலட்சியஞ் செய்ய இயலாது என்பதும், மாணவன் எழுதிய குறிப்பு நாளாந்தம் பரிசீலிக்கப்படுவதால் வைத்தியரின் கவனக்குறைவும் வெளிப்பட்டுவிடும் என்பதும் அவர் கண்ட நன்மைகள். கசநோயாளர் வெளிநோயாளர் பகுதியில் மருந்து பெற்றுச் சென்றபின் எந்நிலையில் வாழ்கின்றனர் என்று அறிய, வைத்திய மாணவி ஒருத்தியை அவர்கள் வீடுகளுக்கே அனுப்பினார். காற்றும் வெளிச்சமும் அற்ற ஓரறையிலே குடும்பம் முழுவதும் நோயாளியுடன் படுத்துறங்கும் செய்தியை அவர் கொண்டுவந்தார். நகரத்திலே கழிவுநீர் வாய்க்கால் இல்லாமையால் நெருப்புக் காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் கொள்ளைகொண்டது. நகரத் தலைவர்கள் முகம் சுளிக்கும்படி அதனையும் அவர் பொதுக்கூட்டங்களில் எடுத்துரைத்தார்.

சனிக்கிழமை இரவுகளில் எழுதுநர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து, உணவளித்து, அவ்வாரத்து நோயாளரைப் பற்றிப் பேசிய பின் பழைய வைத்திய நூல்களை எடுத்துக் காட்டுவார். அயலிற் குடியிருந்த இளவைத்தியர் சிலரிடம் தம் வீட்டுத் திறப்பையே கொடுத்து வைத்திருந்தார். அவர்கள் வேண்டியபோது வந்து நூல்நிலையத்தைப் பயன்படுத்தினர்.

ஹொப்கின்ஸின் மற்றைக் கட்டளைக்கு யாது நேர்ந்தது? கறுப்பினத்து ஏழைகள் ஏற்கப்பட்டனர். ஆனால் அவர்களுக்கு வேறு வாட்டு ஒதுக்கப்பட்டது. ஹொப்கின்ஸின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தமைக்குக் குடிசன மதிப்புப் பதிவுகள் சான்றாகின்றன என்று அவர் பெயராலான சர்வகலாசாலையே 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. புகழ்பெற்றோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்தல் ஆகாது. ஒஸ்லருக்கும் இது பொருந்தும். 1914ஆம் ஆண்டில், இந்தியர் ஏறிவந்த கப்பலொன்று வான்கூவர்த் துறைமுகத்தில் தடுக்கப்பட்டுக் கிடந்த காலத்தில், கனடா வெள்ளையரின் நாடாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை அவர் பேசினார். எம்மூரிலிருந்து சென்றோரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோ நகர வைத்தியசாலைகளிலே, ஒஸ்லர் வகுத்த முறையிலேயே பயின்று வைத்தியராக விளங்குகின்றனர்.

அவருடைய பெருநூலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நோய்களை அழகுற விளக்கிய அந்நூல் மருந்துகளைப் பற்றிக் கூறுமிடத்திற் பெரும்பாலும் கைவிரித்துவிடும். பயனற்ற மருந்தைப் பயனுள்ளதென்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை. 1897ஆம் ஆண்டில் றொக்பெல்லர் என்னும் செல்வரின் ஆலோசகரான கேற்ஸ் என்பவர், வைத்தியரல்லாதவர், அந்நூலை முற்றும் படித்தார். இத்தனை நோய்களுக்கு மருந்தில்லையா எனத் திகைத்து, ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்குமாறு தம் தலைவரைத் தூண்டினார். 1901ஆம் ஆண்டில் றொக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அறியாமையை ஒளியாது எழுதிய நூல் ஒன்று கோடிக்கணக்கான பொருளை அறிவுக்குத் திருப்பியது.

1905ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் அரச வைத்தியப் பேராசிரியர் பதவியை ஏற்றுப் பால்ரிமோரை விட்டு நீங்கினார். பிரியாவிடைப் பேச்சிலே, உலகின் பெருஞ்செயல்கள் நாற்பது வயதுக்கு முன்னரே செய்யப்படுகின்றன என்றும் அறுபதைத் தாண்டியோர் ஓய்வுபெறுதல் நன்று என்றும் வேடிக்கை கலந்து கூறியமை பத்திரிகைகளிற் பெருங்கலகத்தை விளைத்தது. அறுபதைத் தாண்டிய எமது பழைய மாணவர்கள் இதற்காக அவரை மன்னிப்பார்களாக. அவரும் அறுபதைத் தாண்டிய பின் ஓய்வெடுக்கவில்லை.

1910ஆம் ஆண்டில் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவின் வைத்தியக் கல்லூரிகள் எல்லாவற்றையும் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, பால்ரிமோர்க் கல்லூரியையே ஏனையவற்றிற்கு மாதிரியாகக் காட்டிற்று. இலாபத்துக்காக நடந்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. கறுப்பினத்தவர்க்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் இரண்டே நிலைக்கத் தக்கவை என அவ்வறிக்கை தீர்ப்புக் கூறியமையால் அச்சமூகம் நெடுங்காலம் வைத்தியரின்றி வருந்தியதும் உண்மை. அதனையடுத்து வாட்டுப் பேராசிரியர்கள் வெளியே வைத்தியம் பார்த்துப் பணம் பெறலாகாது, முழுநேரமும் சம்பளத்துக்கே பணியாற்றல் வேண்டும் என்ற திட்டம் எழுந்தது. அதனை ஒஸ்லர் வன்மையாக எதிர்த்து எழுதினார். ஆராய்ச்சிக் கூடத்தில் அடைபட்ட பேராசிரியர் நோயாளியையும் ஊர் வைத்தியரின் இடர்களையும் மறந்துவிடுவார் என்பது அவர் அச்சம். பிறருடைய பணத்தால் தாம் செல்வந்தராயினமையே எதிர்ப்புக்குக் காரணம் என்று கூறியோரும் உளர். எம் கருத்தில் இருபுறத்திலும் நியாயம் உண்டு. 1913ஆம் ஆண்டில் அத்திட்டம் பால்ரிமோரில் ஏற்கப்பட்டது. இலண்டன் சர்வகலாசாலையைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன்னும் அவர் தோன்றி, வைத்தியசாலை வாட்டுகளைச் சர்வகலாசாலையின் கல்விப் பகுதிகளாக அமைக்கவேண்டும் என்று சாட்சியமளித்தார்.

1911ஆம் ஆண்டில் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. ஒக்ஸ்போட்டில் அவர் இல்லம் உலகெங்குமிருந்து வரும் மாணாக்கர்க்குத் திறந்தே கிடந்தது. அவர்க்கு இரு புதல்வர். மூத்தது பிறந்து சில நாட்களில் இறந்தது. இளையவன் றெவெயர் முதலாம் உலகப்போரிற் பீரங்கிப் படை அலுவலனாகி, 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பெல்ஜியத்துப் போர்க்களத்திற் காயமுற்றான். அவனைக் காப்பாற்ற முயன்ற அமெரிக்கச் சத்திர வைத்தியருள், பால்ரிமோரிலே ஒஸ்லரின் அயலவராயிருந்து அவர் நூல்நிலையத்திற் பழகிய ஹாவி குஷிங்கும் ஒருவர். இயன்றவை யாவும் செய்யப்பட்டன. மறுநாள் விடியுமுன் அவன் இறந்தான். அதன்பின் ஒஸ்லர் பகலிலே முன்போலச் சிரித்துப் பழகினார் என்றும், இரவிலே அவர் அழுகுரல் வீட்டாருக்குக் கேட்டதென்றும் அறிகின்றோம்.

1919ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நெஞ்சுநோய் பற்றிற்று. தம் நோயின் போக்கைத் தாமே குறித்து, முடிவு யாதென முன்னரே அறிந்து, டிசம்பர் மாதம் 29ஆந் திகதி எழுபதாம் வயதிற் காலமானார். தம் கல்லறையில் எழுதத்தக்கது ஏதுமிருப்பின், தாம் வைத்திய மாணாக்கரை வாட்டுகளிற் கற்பித்தார் என்பதே போதும் என்று அவர் முன்னர் கூறியிருந்தார். கல்லறையோ அவர்க்கு அமையவில்லை. ஏறக்குறைய எண்ணாயிரம் நூல்களைக்கொண்ட தம் நூல்நிலையத்தைத் தாம் பயின்ற மக்கில் சர்வகலாசாலைக்கு எழுதிவைத்திருந்தார். அந்நூல்களுக்கு அட்டவணை வகுத்து முடிக்கப் பத்தாண்டு சென்றது. 1929ஆம் ஆண்டில் நூல்கள் மொன்றியலிற் பேணிவைக்கப்பட்டபோது, அவர் உடலின் சாம்பரும் அவற்றின் நடுவே வைக்கப்பட்டது.